மரங்கொத்தியின் பின்னால் போனவர்

ஒரு பொருளை யாருக்காவது கொடுத்துவிட்டு அதன் பின்னாலேயே தானும் கிளம்பிப் போகிற ஆளை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். கண்டி மார்க்கெட்டுக்கு முன்னால் ஒரு நாள் பின்னேரம், நனைந்துகொண்டு நின்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தன் குடையைக் கொடுத்தார். பிள்ளை சிரித்துவிட்டு வாவிப் பக்கம் நடந்தது. நாங்கள் இருவரும் கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு, "அது காத்து உள்ளுக்குப் போற மாதிரிப் புடிக்குது புள்ள, கம்பி முறியப் போகுது" என்று சொல்லிக்கொண்டே மழைக்குள் இறங்கிவிட்டார். குடையைத் திருப்பி வாங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அதெல்லாம் இல்லை. பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, காற்று வரும் பக்கம் குடையைச் சாய்த்துப் பிடிக்கக் காட்டிக்கொடுத்துவிட்டு, தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார்.

"நல்லா நனைஞ்சிட்டீங்களே தாத்தா" என்றேன்.

"குடைக்கு ஒண்டும் ஆகல்ல" என்றார், நான் கேட்டது அதைத்தான் என்பதுபோல.

தாத்தா என்றதும் தாடி வைத்த கிழவரை நினைத்துவிட வேண்டாம். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு அது வாயில் வர நாளெடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து எங்களுக்கு எழுதும் நண்பர்களுக்கோ கடைசிவரை பிடிபடவில்லை. "தாத்தாவின் உடல்நலம் எப்படி இருக்கிறது?" என்று பயபக்தியோடு விசாரிப்பார்கள். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்காது. அலவத்துகொடவில் வீட்டோடு இருந்து கணினியில் கல்யாணக் கார்டுகளும் கடை போர்டுகளும் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு ஒரு அந்தூரியச் செடி கொடுத்தார். அன்றோடு என் நிம்மதி போனது. மாத்தளை பஸ்ஸில் கண்டிக்குப் போகும்போதெல்லாம் வழியில் இறங்கி, என்னைச் சுகம்கூடக் கேட்காமல் நேரே ஜன்னலுக்குப் போவார். மண்ணை விரலால் குத்திப் பார்ப்பார். சட்டியை அரை அடி நகர்த்துவார். ஒரு தடவை நான் வேலைக்குப் போயிருந்தபோது வந்து, வீட்டுக்காரம்மாவிடம் சாவி வாங்கித் திறந்து, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் செடியைத் தூக்கி மகாவலியில் போட்டிருப்பேன். போட்டால் ஆற்றங்கரையோடு தேடிக்கொண்டு போவார் என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

அவருடைய கணவர் அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த சாதுவான மனிதர். "என்ட பொஞ்சாதி ஒண்டையும் குடுக்க மாட்டா தங்கச்சி, எல்லாத்தையும் இரவல்தான் குடுப்பா" என்று ஒரு நாள் சொன்னார். அது சரியில்லை. தாத்தா ஒன்றையும் திருப்பி வாங்கியதில்லை. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதுமில்லை. கொடுத்தது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான் வியாதி.

இப்படிப்பட்ட ஒருவரிடம் போய் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு லோகோ வரைந்து தரக் கேட்டோமே, எங்கள் புத்தியை என்ன சொல்ல.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் கண்டியில் ஒரு கம்பெனியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். பிரணவன் யாழ்ப்பாணத்தான், பேராதனையில் படித்துவிட்டு மலைக்குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டவன். சிங்களப் பகுதியைப் பார்த்துக்கொள்ள இன்னொரு நண்பர் இருந்தார். கைபேசியிலும் கணினியிலும் தமிழையும் சிங்களத்தையும் ஒரே விசைப்பலகையில் மாறி மாறி அடிக்க ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். கட்டற்றது என்றால் இலவசம் மட்டுமில்லை. யாரும் எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அந்த உரிமையை எழுத்தில் கொடுத்திருந்தோம்.

அவர் எங்களுக்கு அறிமுகமானதே முறைப்பாட்டோடுதான். யாரோ ஒருவருடைய கல்யாணக் கார்டில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய்விட்டதாம், எங்கள் விசைப்பலகைதான் காரணமாம். திருத்திவிட்டோம் என்று செய்தி அனுப்பியதும் மனுஷி நேரிலேயே வந்துவிட்டார், உண்மையாகவே திருத்தினோமா என்று பார்க்க. வந்தவரிடம் பேச்சுவாக்கில் லோகோ கேட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படத்தோடு வந்தார். சிவந்த முதுகோடு ஒரு மரங்கொத்தி, கணினி விசை ஒன்றைக் கொத்திக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் உள்ள பலா மரத்தில் விடிந்ததும் தட்டத் தொடங்குகிற பறவையாம் அது. அதுவரை எங்கள் மென்பொருளுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. படத்தைப் பார்த்த அன்றே மரங்கொத்தி என்று மாற்றிவிட்டோம்.

இணையத்தில் ஏற்றும்போது படத்துக்கும் ஒரு நிபந்தனை எழுத வேண்டும். பிரணவன் ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று தயாரித்து வைத்திருந்தான். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இது என்ன கோர்ட்டுக்குக் குடுக்கிறதா என்று கேட்டார். பிறகு என் கணினியில் தானே தட்டினார்: "யாரும் எடுக்கலாம். கேட்டு எடுங்கோ." அதன் கீழே தன் தொலைபேசி எண்ணைப் போட்டார்.

எங்களில் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. எப்படித் தெரியும்? அலவத்துகொடவில் கறிக்கு வாசத்துக்குப் போட பக்கத்து வீட்டில் ரம்பை இலை ரெண்டு வேண்டுமென்றால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "தாத்தா, ரம்பை எடுக்கிறேன்" என்று ஒரு சத்தம் போட வேண்டும். உள்ளே குசினியிலிருந்து "எடுங்க" என்று பதில் வரும். வேண்டாம் என்ற பதிலை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் கேட்காமல் பறித்தால் அது களவு. எங்கள் தோட்டத்து லயன் வீடுகளிலும் அதேதான், பிரணவனின் ஊரில் முருங்கைக்காய்க்கும் அதேதான். ஆகவே கேட்டு எடுங்கோ என்பது எங்களுக்கு ஒரு நிபந்தனையாகவே படவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வாருங்கள் என்று எழுதியதுபோலத்தான் இருந்தது.

ஆட்களும் கேட்டார்கள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோயில் இளைஞர் சங்கம், கைபேசிக் கடைகள். தொலைபேசி அடித்தால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். யார், எந்த ஊர், எங்கே ஒட்டப் போகிறீர்கள், எவ்வளவு பெரிதாக என்று எல்லாம் விசாரித்துவிட்டு, எடுங்கோ என்பார். பிறகு ஒரு வாரம் பொறுப்பார். அதற்குமேல் அவரால் ஏலாது. கடுகண்ணாவையில் ஒரு கைபேசிக் கடைக்காரர் கண்ணாடிக் கதவின் உயரத்துக்கு மரங்கொத்தியை இழுத்து ஒட்டியிருந்தார். குருவி கொக்காகிவிட்டது. இவர் பஸ் ஏறிப் போய், கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நகத்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுநாள் சரியான அளவில் புதிது அச்சடித்துக் கொண்டுபோய் ஒட்டிக்கொடுத்தார். அந்த மனிதர் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, நீங்கள் எந்தக் கம்பெனி என்று கேட்டாராம். இதை எங்களுக்குச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பே வரவில்லை. குருவியின் கழுத்துத்தான் நினைவில் நின்றது.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

பள்ளிக்கூடக் கணினிகளுக்கென்று ஒரு கட்டற்ற இயங்குதளம் இருந்தது. பல நாடுகளில் இருக்கும் தொண்டர்கள் சேர்ந்து செய்வது. அதன் அடுத்த வெளியீட்டில் மரங்கொத்தியைச் சேர்க்கிறோம் என்றார்கள். மத்திய மாகாணத்தில் பல பள்ளிகளில் அந்த இயங்குதளம்தான் ஓடியது, புசல்லாவையில் நான் படித்த தோட்டப் பள்ளியிலும் அதுதான். அங்கே பிள்ளைகள் தங்கள் பெயரைக்கூட ஆங்கில எழுத்தில்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள், தமிழ் விசைப்பலகையை ஏற்றிக்கொடுக்க ஆள் இல்லாமல். இது நடந்தால் கணினியைத் திறந்ததும் தமிழ் இருக்கும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு நாளில் பத்துத் தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன்.

வந்த மின்னஞ்சல் மிக மரியாதையாக இருந்தது. எங்கோ குளிர்தேசத்தில் இருக்கும் ஒரு பெண், அவர்களுடைய உரிமங்களைச் சரிபார்ப்பவர், எழுதியிருந்தார். நிரலில் ஒரு சிக்கலும் இல்லையாம். படத்தில்தான் சிக்கலாம். யாரும் எடுக்கலாம் என்று ஒரு வரி, கேட்டு எடுங்கோ என்று அடுத்த வரி. அனுமதி கேட்க வேண்டுமென்றால் அது கட்டற்றது ஆகாது. படம் கட்டற்றதாக இல்லாவிட்டால் தங்கள் விதிப்படி சேர்க்க முடியாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மரங்கொத்தி என்ற பெயரையும் படத்தையும் நீக்கிவிட்டு, வேறொரு பெயரில், வெறும் சாம்பல் கட்டம் ஒன்றோடு சேர்த்துக்கொள்கிறோம் என்று முடித்திருந்தார்.

பிரணவனும் நானும் அலவத்துகொடவுக்குப் போனோம். ஒரு வரிதானே, சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போனோம்.

அவர் எங்களுக்குக் கதிரை போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டே கேட்டார். முடித்ததும் அலுமாரியின் மேலிருந்த ஒரு பீங்கானை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "நான் எப்பயாச்சும் யாருக்காச்சும் ஏலாது என்டு சொல்லீக்கனா?"

இல்லை என்றோம்.

"பொறகு கேக்கிறதுல என்ன கஷ்டம்? ஒரு கோல்தானே."

ஒரு அழைப்புத்தான். ஆனால் அந்த இயங்குதளம் எத்தனையோ நாட்டுப் பள்ளிகளுக்குப் போகிறது. ஒவ்வொருவரும் அலவத்துகொடவுக்கு அழைப்பு எடுக்க முடியுமா என்று நான் சொன்னேன். எடுக்கட்டுமே என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. பிரேசிலிலிருந்து ஒரு ஆசிரியர் எடுத்தால் எந்த மொழியில் பேசுவது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கியதுபோல் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குருவிப் படத்தைப் பிடித்துக்கொண்டு இந்த மனுஷி என் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குறுக்கே நிற்கிறாரே என்றுகூட அன்று நினைத்தேன். 

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. யாரென்றே தெரியாத ஒருவன் எங்கள் விசைப்பலகையை எடுத்து, அதற்குள் விளம்பரங்களைத் திணித்து, அதே மரங்கொத்திப் படத்தோடு வெளியிட்டிருந்தான். எழுத்தைத் தட்டினால் பாதித் திரையில் கண்கொண்டு பார்க்க முடியாத படங்கள் வந்தன. அலவத்துகொடவில் பலர் அது தெரியாமல் அதைத்தான் கைபேசியில் ஏற்றியிருந்தார்கள். மரங்கொத்தியை யார் வரைந்தது என்று ஊருக்கே தெரியும். ஆண்கள் அவர் கணவரின் கடைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். குர்ஆன் ஓதிக்கொடுக்கிற ஒரு பெண், பிள்ளைகளுக்கு முன்னால் கைபேசியைத் திறந்து வெட்கப்பட்டுப்போனவர், வாசலில் நின்றபடியே, "இது ஒங்கட படம் தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறி அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கண்டி என்று கைபேசிக் கடை கடையாக இறங்கி, கள்ள மரங்கொத்தியை அழித்துவிட்டு நல்லதை ஏற்றிக்கொடுத்துக்கொண்டு திரிந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கைபேசியைக் காட்டச் சொல்லிக் கேட்டார். வீட்டில் சோறு ஆக்குவது நின்றுபோய், கணவர் கடைப்பக்கத்து ஹோட்டலில் கொத்துரொட்டி சாப்பிட்டார். என் அறைக்கு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கேட்டு எடுங்கோ என்டு ஈக்கிறப்பவே இப்பிடி. அதையும் எடுத்துட்டா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன், அவன் கேட்டானா தாத்தா? கேட்கவில்லைதானே? அந்த வரி களவு எடுக்கிறவனை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்க வந்தவர்களைத்தான் நிறுத்தியிருக்கிறது.

அவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அன்று பிரணவனும் என் அறையில் இருந்தான். அவன் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவன். "அக்கா, நீங்கள் இல்லாத காலத்தில ஆரிட்டக் கேக்கிறது?" என்றான்.

 அவர் நடப்பதை நிறுத்தி அவனைப் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்படவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அதுவும் உண்மதான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சொல்வது அவர் காதில் விழத் தொடங்கியது. படத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன என்றோம். ஒன்று, அதை வரைந்தவருக்குள்ள பதிப்புரிமை. படியெடுக்கலாமா, நிறம் மாற்றலாமா, பெரிதாக்கலாமா என்பதெல்லாம் அதற்குள் வரும். அதை எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். மற்றது வர்த்தகக் குறி. இந்தப் படத்தைக் காட்டி, நாங்கள்தான் அந்த மரங்கொத்திக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. அதைக் கொடுக்க வேண்டியதில்லை. குறியைப் பதிவுசெய்து நம் கையில் வைத்துக்கொண்டால், அந்தக் கள்ளனை அதை வைத்துத்தான் பிடிக்க முடியும். பள்ளிக்கூட இயங்குதளக்காரர்களும் அதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "வட்டிலப்பம் எப்பிடி அவிக்கிறது என்டு யாரு கேட்டாலும் சொல்லிக் குடுப்பன். அவங்க சீனி கூடப் போட்டாலும் அது அவங்கட வட்டிலப்பம். எங்கூட்டு வட்டிலப்பம் என்டு சொல்லி வித்தாத்தான் கேப்பன். அதானே சொல்றீங்க?"

அதேதான். நாங்கள் இருவரும் அவ்வளவு நேரமாகத் தலைகீழாக நின்று விளக்கியது அது ஒன்றைத்தான்.

என் கணினிக்கு முன்னால் நின்றுகொண்டே அந்த இரண்டாவது வரியை அவரே அழித்தார். தொலைபேசி எண்ணையும் அழித்தார். அழித்துவிட்டு, கொஞ்ச நேரம் காலியான இடத்தைப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அந்தப் பாதையில் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

மரங்கொத்தி தன் பெயரோடும் சிவந்த முதுகோடும் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. குறியை எங்கள் சிறு சங்கத்தின் பேரில் பதிவுசெய்ய விண்ணப்பித்தோம். விதிமுறையை நான்தான் எழுதினேன். படத்தை வரையலாம், மாற்றலாம், பரப்பலாம், கேட்க வேண்டியதில்லை. கடைப் பெயர்ப்பலகையிலோ விற்கும் பொருளிலோ போட்டால் மட்டும் சங்கத்தின் அனுமதி வேண்டும். நாங்கள் முறையிட்டதும் கள்ள விசைப்பலகை கைபேசிச் செயலித் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. எல்லாம் நன்றாகவே முடிந்தது, அவருடைய தொலைபேசி ஒன்றைத் தவிர. அது அடிப்பதை நிறுத்திவிட்டது.

நாங்கள் சந்தோஷத்தில் இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. அவருக்குத் தொலைபேசி வராவிட்டாலும் மரங்கொத்தி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பேராதனைப் பக்கத்து ஒரு முச்சக்கரவண்டியின் முதுகில், ஒரு பள்ளியின் விளையாட்டுப் போட்டிப் பதாகையில், யாரோ ஒரு பையனின் டீ-சேர்ட்டில். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை, கேட்க வேண்டியதுமில்லை. முன்பென்றால் போய்ச் சுரண்டியிருப்பார். இப்போது பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சொல்வார், அவ்வளவுதான். அந்த முச்சக்கரவண்டியைப் பற்றி மட்டும் மூன்று தடவை சொன்னார்.

ஒரு நாள் என்னோடு புசல்லாவைக்கு வந்தார். என் பழைய பள்ளியின் கணினி அறையில் பிள்ளைகள் தமிழில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை தன் அம்மாவின் பெயரைத் தட்டிவிட்டு, அது திரையில் அப்படியே வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. அவரோ எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஆசிரியர் ஒருவர் பெரிய மரங்கொத்தி வரைந்திருந்தார். சிவப்புப் பெயின்ட் கிடைக்காமல் நீலத்தில் வரைந்திருந்தார். பார்த்தால் மீன்கொத்தி. ஆசிரியர் பெருமையோடு எப்படியிருக்கு என்று கேட்டார். தாத்தா வாயைத் திறந்தார், மூடினார். "நீலமும் நல்லாத்தான் ஈக்கிது" என்றார். திரும்பும் வழியில் கம்பளை வரும்வரை பஸ்ஸில் கையைப் பிசைந்துகொண்டே வந்தார்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை என் அறைக்கு வந்தார். வழக்கமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் அன்று தட்டிவிட்டு நின்றார். நல்ல உடுப்பு உடுத்திருந்தார். பாதையோரமாக ஒரு சின்னக் கடை எடுத்திருக்கிறாராம். கார்டு, போர்டு வேலையோடு கைபேசிகளுக்குத் தமிழ் ஏற்றிக் கொடுக்கவும் போகிறாராம். கடைப் பெயர்ப்பலகையில் மரங்கொத்தியைப் போட அனுமதி கேட்டு வந்திருந்தார்.

எனக்குச் சிரிப்பாகவும் கூச்சமாகவும் இருந்தது. அவர் வரைந்த படத்துக்கு அவர் என்னிடம் அனுமதி கேட்கிறார். விதிமுறையை எழுதியவள் நான்தான், அது அவரையும் கட்டும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "என்ன தாத்தா இது, அது ஒங்க படம். தாராளமா போட்டுக்குங்க" என்றேன். மற்ற இருவரின் சம்மதமும் வேண்டுமே என்றார். அங்கேயே பிரணவனுக்கு அழைப்பு எடுத்தேன். அவவின்ர படத்துக்கு என்ன அனுமதி, போடச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு வேறு ஏதோ பேசத் தொடங்கினான். சிங்கள நண்பரும் அப்படியே. எல்லாம் முடிந்து, பிளேன்டீ ஊற்ற எழுந்தேன்.

அவர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முகம் வாடிப்போயிருந்தது.

"என்ன தாத்தா?"

"எந்த எடத்துல கட, எவ்வளவு பெரிய போர்ட், என்ன கலர், ஒருத்தராச்சும் ஒண்டு கேட்டீங்களா?" என்றார். "நான் யாருக்குக் குடுத்தாலும் எல்லாம் கேட்டுத்தான் குடுப்பன். நீங்க சும்மா தூக்கித் தந்துட்டீங்க. அப்ப ஒங்களுக்கு அது பெரிய விசயமில்ல தானே."

இத்தனை காலமும் அவர் கேட்ட கேள்விகளையெல்லாம் நான் சந்தேகம் என்றே எண்ணியிருந்தேன். செடிக்கு வந்ததையும் சேர்த்துத்தான்.  தேநீரை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, கடை எங்கே தாத்தா என்று கேட்டேன். பள்ளிவாசலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? வெயில் போர்டில் எந்த நேரம் விழும்? சிவப்பு வெளுத்துப்போகாதா? ஒவ்வொன்றுக்கும் அவர் மூச்சுவிடாமல் பதில் சொன்னார். பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து என் மேசையில் நீட்டி அளந்து காட்டினார்.

"சரி, போட்டுக்குங்க" என்றேன்.

"எப்ப வாறீங்க பாக்க?" என்றார் உடனே.

போர்டு மாட்டிய மறுநாளே போனேன். அவர் கடைக்கு வெளியே, தெருவின் அந்தப் பக்கம் நின்று எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தேன். குருவி அளவாக இருந்தது, சிவப்பும் சரி. நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் போர்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். தெருவைக் கடந்து கிட்டப் போய்ப் பார்த்தேன், திரும்பி வந்து தூர நின்று பார்த்தேன். உண்மையாகவே ஒன்று தெரிந்தது.

"வலப் பக்கம் ஒரு விரல் அளவு எறங்கியிருக்கு தாத்தா" என்றேன்.

"எங்க?" என்று கேட்ட அந்த முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. போய்க்கொண்டிருந்த பஸ்ஸைக்கூடப் பார்க்காமல் தெருவைக் கடந்து ஓடினார், ஏணி எடுக்க.